நடுவில் ஒரு கோடு

டயாலிசிஸ் வார்டில் அவளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். மேஜை நீளத்துக்கு அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டு, மின்கத்தி அந்தக் கோட்டை விட்டு இறங்காமல் ஓட்டிக்கொண்டு போவது அவள் வேலை. ஒரு நூல் பிசகினால் அத்தனை சட்டைக்கும் கை கோணிக்கொள்ளும். அவள் கை பிசகியதாகத் தொழிற்சாலையில் யாரும் சொன்னதில்லை. பிசகியது சிறுநீரகம்தான். முதலில் கால் வீங்கியது, அப்புறம் முகம். நின்றே செய்கிற வேலை, வீங்காமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினாள். மருத்துவமனைக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமுமே கைவிட்டிருந்தன.

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்று வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்று வழியாகச் சுத்தமாகித் திரும்பி வரும். அது முடிகிறவரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஊசியைக்கூடப் பழகிக்கொண்டாள். பழக முடியாமல் போனது தாகம். குடிப்பது எதுவும் வெளியே போக வழியில்லாத உடம்பு. அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்துவிட்டார்கள். குழாயைத் திறந்தால் அந்தச் சத்தத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கணவர் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, அதற்கும் சேர்த்து வேனில் பிள்ளைகள் பேசிவிடும்.

வார்டின் தொலைக்காட்சியில் எப்போதும் செய்தி ஓடும். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவள் கைப்பேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் ஒரு கை படம் வரைந்துகொண்டிருந்தது. முகம் இல்லை, பேச்சு இல்லை, கை மட்டும். காகிதத்தின் நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டியது. வெறும் தண்ணீரைப் பட்டைத் தூரிகையால் தடவியது. நடுவுக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக நீலத்தில் ஒரே இழுப்பு. நீலம் தானாகவே மேலே ஊறி வானமாயிற்று. கீழே தொட்ட காவி ஓடிப்போய் நிலமாயிற்று. மரமில்லை, வீடில்லை, மனுஷர் இல்லை. அப்படியும் அது ஒரு இடம்தான். டேப்பை உரித்ததும் சுற்றிலும் வெள்ளை விளிம்பு கத்தரித்த மாதிரி நேராக நின்றது. அந்த விளிம்புதான் மாஸ்டரை இழுத்தது என்று சொல்ல வேண்டும்.

கணவரிடம் சொன்னாள். அவர் பிள்ளைகள் வாங்கும் வண்ணப் பெட்டி ஒன்றும், தடித்த தாளில் கையகலப் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

வார்டில் மூத்த நர்ஸ்தான் முட்டுக்கட்டை போட்டாள்.

"கலர் ஓகே மாஸ்டர். தண்ணி டம்ளர் மட்டும் இங்க வேணாம். இது எப்பேர்ப்பட்ட இடம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தண்ணி இல்லாம எப்படி சிஸ்டர் வரையறது?"

நர்ஸ் யோசித்தாள். பிறகு டம்ளரில் பாதி தண்ணீர் பிடித்து, தூரிகையால் கறுப்பைத் தொட்டு அதில் கலக்கிவிட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "இப்ப யாருக்கும் ஆசை வராது."

முதலில் வந்ததெல்லாம் படமாக இல்லை. சட்டைத் துணி மாதிரி இருந்தது. கோடு போட்டுப் பழகிய கை. எங்கே கோடு இழுத்தாலும் அது கத்தி ஓடுகிற கோடாகவே வந்தது. நிறம் கோட்டைத் தாண்டி ஊறினால் பதறிப்போய் ஒற்றி எடுத்தாள். ஒற்றிய இடம் சேறானது. அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்த பிறகுதான் பிடிபட்டது: அந்தக் கை வேலை செய்கிற நேரத்தைவிடச் சும்மா இருக்கிற நேரம்தான் அதிகம். போட்டுவிட்டு விலகிக்கொள்ளும். காயும்வரை தொடாது. சும்மா இருப்பதில் மாஸ்டருக்கு இப்போது யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊசி குத்திய கையை நீட்டியபடி, ஈரம் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளில் படங்கள் படங்களாக வர ஆரம்பித்தன. ஈரத்தின் மேல் உப்பைத் தூவினால் அது நிறத்தை உறிஞ்சி, பனி விழுந்த மாதிரி புள்ளி புள்ளியாக விடும் என்றும் கண்டுபிடித்தாள்.

"உப்பும் தண்ணியும் எனக்குத்தான் ஆகாது. படத்துக்கு நல்லா ஆகுது" என்று நர்ஸிடம் சொன்னாள்.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு வக்கீல் என்று பெயர். சலவைக் கடை நடத்தியவர். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் வந்த பெயர் அது. அவர் எட்டிப் பார்த்து, "இதுல ஆளே இல்லையே" என்றார்.

"ஆளைப் போட்டா பேச ஆரம்பிச்சிடுவாங்க வக்கீலய்யா."

"ஒரு மாடாவது போடலாம்ல. மாடு பேசாது."

"அப்புறம் அதுக்குத் தண்ணி காட்டணும்."

வக்கீல் சிரித்தார். தண்ணீர் என்ற சொல் உறைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

இப்படி இருக்கையில்தான் தம்பி வந்தான். அவளுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக அந்தக் குழிக்குள் இறங்கித் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன். மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் உண்டு. யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"உள்ள ரெண்டு வெச்சிருக்கேன். ஒண்ணு தண்டமாதான் இருக்கு. நீ எடுத்துக்கோக்கா."

"சட்டைத் துணியா கேட்டேன்? போடா."

"போடான்னா போயிடுவேனா? நாளைக்கே டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

ரத்தம் பொருந்தியது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் பொருந்தின. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அவன் மாஸ்டரின் நாற்காலி ஓரம் வந்து நின்று கதையடித்துவிட்டுப் போவான். அவன் மனைவி ஒரு தடவை அவனோடு வந்து, மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா முடியட்டும் அண்ணி" என்றாள். அவள் கை சில்லிட்டிருந்தது. ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் மாஸ்டர் வரைந்த படங்களில் நிலம் மெலிந்து வானம் பெருத்தது. இரண்டு கையும் தன் வசம் வந்ததும் மேஜை முழுக்கக் காகிதம் விரித்து ஒரு படம் போட வேண்டும் என்று கணவரிடம் சொன்னாள். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, கழுத்தில் வழிய வழியக் குடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். முதல் ஆசைக்குத் தலையாட்டிய கணவர் இரண்டாவதற்கு எழுந்து வெளியே போய்விட்டார்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரம் பெரிய டாக்டர் அவளையும் கணவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார்.

"உங்க தம்பிகிட்ட இருந்து எடுக்கறது சரியா வராதும்மா. அவரு தகுதியானவர் இல்லன்னு குழு முடிவு பண்ணியிருக்கு."

"எல்லாம் பொருந்திச்சுன்னு சொன்னீங்களே டாக்டர்."

"பொருத்தம் மட்டும் போதாது. அதுக்கு மேல அவரோட சொந்த விஷயம். நான் சொல்லக் கூடாது. இறந்தவங்க உறுப்புக்காகக் காத்திருக்கற வெளிப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. காத்திருப்போம்."

மாஸ்டர் பயந்தாள். தன்னை நினைத்து இல்லை. வெளியே வந்ததும் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு என்னங்க வியாதி?" என்பதுதான்.

அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தாள். "என்னன்னு சொன்னாங்கடா?" என்று கேட்டாள். "பெருசா ஒண்ணும் இல்லக்கா" என்றான். பெரிதாக ஒன்றும் இல்லை என்று தானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தானே, அந்தச் சொல்லை அவள் நம்புவாளா? உப்பைக் குறை என்றாள். அந்தக் குழிக்குள் இறங்குகிற வேலையை வேறு ஆளிடம் கொடு என்றாள். கால் வீங்குகிறதா என்று வாரம் தவறாமல் கேட்டாள். அவன் மனைவியைக் கூப்பிட்டு, இரவில் எழுந்து எழுந்து போகிறானா, மூச்சு வாங்குகிறதா என்று துருவினாள். அந்தப் பெண் "இல்ல அண்ணி, இல்ல அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்துவிடுவாள்.

தம்பி வருவது குறைந்தது. வந்தபோது கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. தோளளவு தப்பாத அவள் கண்ணுக்கு அது உடனே தெரிந்தது. உள்ளே ஏதோ அரிக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டாள்.

அந்தக் கவலையில்தான் ஒரு நாள் கண் அசந்துவிட்டாள். டம்ளர் அவள் வலப்பக்கம், வக்கீலின் கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஏதோ மடக் மடக்கென்று சத்தம் கேட்டு விழித்தபோது, வக்கீல் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் வாங்கிக்கொண்டிருந்தார். உதடு, தாடை எல்லாம் சாம்பல் நிறம். நர்ஸ் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள்.

"குடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்கு?" என்று வக்கீல் கேட்டார். வார்டே சிரித்தது. அவரும் சிரிப்பவர் போலத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அழுகை வந்துவிட்டது. ஊசி குத்தாத கையால் முகத்தைத் துடைத்தபோது சாம்பல் நிறம் காதுவரை இழுபட்டது. மாஸ்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தத் தண்ணீரை அவளும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

கணவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா பெரிய சிறுநீரக டாக்டர். "உன் தம்பியை அவங்ககிட்ட காட்டலாம். நானே கேட்டுட்டேன். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்கன்னாங்க" என்றார். தானாக முன்வந்து அவர் யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. மாஸ்டருக்கு மனம் இளகிவிட்டது. தம்பிக்குச் செய்தி சொன்னாள். மறுநாள் அவனுக்கென்று ஒரு படமும் போட ஆரம்பித்தாள்.

அதுதான் அவள் போட்டதிலேயே நன்றாக வந்த படம். அடர்ந்த நீலத்தில் ஒரு மெல்லிய நிலப்பட்டை, அதற்கு மேல் காகிதத்தின் வெள்ளையையே வெளிச்சமாக விட்டிருந்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் மஞ்சள் கசிந்திருந்தது. அது தானாக நடந்தது. பழைய மாஸ்டராக இருந்தால் ஒற்றி எடுத்திருப்பாள்.

புதன்கிழமை தம்பி வார்டுக்கு வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் படத்தை நீட்டினாள்.

"இது எந்த எடம்க்கா?"

"எடமெல்லாம் இல்லடா. மேல வானம், கீழ தரை, நடுவுல ஒரு கோடு. உன் வீட்டுல மாட்டிக்கோ. படுத்துட்டு இருக்கறப்ப பார்த்தா மனசுக்கு நல்லா இருக்கும்."

"நான் எதுக்குப் படுக்கணும்?"

"நாளைக்கு டாக்டர் சொல்லுவாங்கள்ல."

அவன் படத்தை மடிமேல் வைத்துக்கொண்டு ஓரத்து டேப்பை நகத்தால் நெருடினான். "மாமாவை அந்த டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லச் சொல்லுக்கா."

"பயமா இருக்கா? சும்மா பார்த்துட்டு வரதுதானே."

"பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணுமே இல்லக்கா. நல்லாதான் இருக்கேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் அவள் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது.

"நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றான் தம்பி. "கடைசியா இங்க பெரிய டாக்டர் என்னை மட்டும் தனியா உட்கார வெச்சுக் கேட்டாரு. மனசாரத்தான் குடுக்கறியா, யாராவது வற்புறுத்திக் குடுக்கறியான்னு. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுக் கதவு வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் என்னவோ திரும்பிப் போயி, வேணாம் சார்னு சொல்லிட்டேன். அக்காவுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டேன். அதை நாங்க பார்த்துக்கறோம், நீங்க தகுதி இல்லன்னு சொல்லிடறோம்னாரு. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்களாம்."

"உன் பொண்டாட்டி தடுத்தாளா?"

"இல்ல. அவ மேல பழியைப் போட்டுடலாம்னு நானும் நினைச்சேன். ஆனா அவ தடுக்கல. பயம்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

"லிஃப்ட் குழியில தொங்கறவன் நீ."

"அங்க கயிறு என் இடுப்புல இருக்கும்."

மாஸ்டருக்கு எழுந்து போய்விட வேண்டும் போல் இருந்தது. ஊசி இரண்டும் அவளை நாற்காலியோடு சேர்த்துத் தைத்திருந்தன. அவன் இங்கே வந்து சொன்னதே அதற்காகத்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் கிடந்தார். அவர் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப எதுக்குடா சொன்ன?"

"மாமா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா தெரிஞ்சிடும்ல."

"அப்ப அதுக்குத்தான் சொன்ன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உள்ள வெச்சுக்கவும் தெரியலக்கா. நீ உப்பைக் குறைன்னு சொல்றப்பல்லாம் செத்துப் பொழைச்சேன்."

"எனக்குக் குடுக்க மாட்டேன்னு சொன்ன பாரு, அது உன் உடம்பு, உன் இஷ்டம். கேக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா அந்த டாக்டர் பெரிய மனசு பண்ணி எனக்கு ஒரு தம்பியையாவது விட்டு வெச்சிருந்தாரு. இத்தனை நாளா உனக்காக எவ்வளவு கவலைப்பட்டேன் தெரியுமா? அது எனக்கு நல்லா இருந்துச்சுடா. என்னைப் பத்தியே நினைக்காம இருந்தேன். அதையும் வந்து எடுத்துக்கிட்ட."

மெஷின் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் வந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்து முகம் மாறினாள். "சார், கொஞ்சம் வெளிய இருங்க." தம்பி எழுந்தான். படத்தை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

வேனை வாசலில் நிறுத்திக் காத்திருந்த கணவரிடம் அவள், "அந்த டாக்டரம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. அவன் வேற எடத்துல வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சிட்டானாம்" என்றாள். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் நேராகத் தம்பி வீட்டுக்கு வண்டியை விடுவார். பேசாத மனிதர் பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தம்பியின் சின்னப் பெண் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும். கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "பாவம்" என்றார். "இந்த வயசுல அவனுக்கும் வரணுமா?"

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைக் குழாயடியில் பிடித்தாள். மஞ்சள் முதலில் போனது. நீலம் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் தாளோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத் தாளில் பிசிறு எழுந்தது. தண்ணீர் விரலிடுக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தாள். மறுபடி அள்ளினாள். வயிறு முட்டும்வரை குடித்தாள். அன்றைக்கு மூச்சு முட்டி, வழக்கமான நாளுக்கு முன்பே ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நர்ஸ் ஒன்றும் கேட்காமல் ஊசியைக் குத்தினாள்.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஒரு திங்கட்கிழமை வக்கீல் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. நாற்காலியின் உறையை மாற்றினார்கள். வார்டில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும். தம்பியும் வரவில்லை. அவன் மனைவி ஒரு முறை போன் செய்து, அவர் ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அழுதாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலிருக்கவும் முடியாமல், "குழந்தையைப் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

வெளிப் பட்டியலில் இருந்து ஒரு தரம் கூப்பிட்டார்கள். கணவரும் அவளும் பையோடு ஓடினார்கள். இவளுக்கு முன்னால் இருந்தவருக்கே பொருந்திவிட்டதால் திருப்பி அனுப்பினார்கள். முன்னால் இருந்தவர் கல்லூரிப் பையன் என்று தெரிந்தபோது, நல்லதாகப் போயிற்று என்று நினைக்க முயன்றாள். வழியெல்லாம் முயன்றுகொண்டே வந்தாள்.

வக்கீலின் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வங்கியில் வேலை. ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டாள். கொஞ்சம் தெளிந்த பிறகு மாஸ்டரின் கையைப் பார்த்தாள். மாஸ்டர் அப்போது ஒரு தாளை நனைத்து, சாம்பலில் நடுக்கோடு இழுத்து முடித்திருந்தாள்.

"எங்க அண்ணன் குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் அந்தப் பெண். "அதனால இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டேன்னு நினைக்கறேன். உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"ஒரு தம்பி இருக்கான்."

"அவரு?"

"அவனுக்கு முடியல" என்றாள் மாஸ்டர்.

"அய்யோ, உடம்பு சரியில்லையா?"

மாஸ்டர் தூரிகையை டம்ளரில் அலசினாள். சாம்பல் கோடு ஊறி, அவள் நினைத்த அளவைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒற்றி எடுக்கத் துணியைக் கையில் எடுத்தவள் எடுத்தபடியே நிறுத்திக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "உங்க அண்ணன் நல்லா சாப்பிடறாரான்னு பார்த்துக்கோங்க."